வங்க நாட்டு நிலத்தடி நீரும் இரும்புத் துருவும்

கொல்கத்தாவின் தென்கோடியைக் கடந்து கரியா, சோனார்பூர், பாருய்ப்பூர் என்று புகைவண்டிப் பாதையை ஒட்டிச் செல்வோமாயின், வீட்டு முற்றங்களிலும் தெரு முனைகளிலும் அடிகுழாய்கள் பலவற்றைக் காண்போம். குழாயின் வாய்க்கு நேர் கீழே சிமென்ட் மேடை செங்காவி படிந்து கிடக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து இப்பகுதிகளில் குடியேறிய நம்மவர், இக்கறையைக் கண்டு முகம் சுளிப்பது வழக்கம். வெள்ளை வேட்டி பழுப்பேறுகிறது, காப்பியின் நிறம் கறுக்கிறது, நீரில் ஏதோ இரும்பு வாடை வீசுகிறது என்பன அவர்கள் கூறும் குறைகள். இவை மெய்யே, ஆயினும் சிறியவை. கறையை உண்டாக்கும் இதே இரும்பு, பூமிக்கடியில் வேறொரு பொருளைப் பற்றிக்கொள்ளவும், பற்றியதை நீரில் விட்டுவிடவும் வல்லது. அப்பொருளுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அஃது ஆர்செனிக் என்னும் கொடிய நஞ்சு. இரும்பு எப்போது அதைப் பற்றுகிறது, எப்போது விடுகிறது என்பதே இப்பேச்சின் பொருள்.

ஆர்செனிக் நமக்குப் புதிய பொருள் அன்று. சித்த வைத்திய நூல்களில் பேசப்படும் வெள்ளைப் பாஷாணம் ஆர்செனிக்கின் ஆக்ஸைடே. மஞ்சள் நிறமுள்ள அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிப்பொருள். கூத்தாடுவோர் முகத்தில் மஞ்சள் பூசுவதற்கு அதைக் கையாண்டமையால்தான், இன்றும் நடிகர் ஒப்பனை செய்துகொள்வதை 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அறிந்து வாங்கும் பாஷாணத்தைப் பூட்டி வைக்கலாம். அறியாமல் குடிநீரோடு நாள்தோறும் சிறிது சிறிதாக உட்கொள்ளும் பாஷாணத்தை எங்ஙனம் காப்பது?

முதலில் இரும்பின் இயல்பைப் பார்ப்போம். நீரோடு உறவாடும்போது இரும்பு இரு நிலைகளில் இருக்கும். ஒன்று ஃபெரஸ் நிலை. மற்றொன்று ஃபெரிக் நிலை. ஃபெரஸ் இரும்பு நீரில் எளிதாகக் கரையும்; கரைந்திருக்கும்போது நீர் தெளிவாகவே தோன்றும். அந்நீரில் காற்றிலுள்ள பிராணவாயு கலந்தவுடன் அது ஃபெரிக் இரும்பாக மாறுகிறது. ஃபெரிக் இரும்பு சாதாரண நீரில் கரையாது. செம்பழுப்புத் துகளாகத் திரண்டு படியும். இதனையே துரு என்கிறோம். அடிகுழாயிலிருந்து இறைத்த நீர் முதலில் பளிங்குபோல் இருந்து, சில மணி நேரத்தில் கலங்கி, மறுநாள் குடத்தின் அடியில் செம்மண்டியாகப் படிவதற்குக் காரணம் இதுவே. பிராணவாயு இல்லாத இடத்தில் இம்மாற்றம் தலைகீழாகவும் நடக்கும். துரு மீண்டும் ஃபெரஸ் நிலையடைந்து நீரில் கரைந்துபோகும்.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடுகளைக் கண்டவர் அம்மணலின் சிவப்பை மறக்கமாட்டார். அந்த மணலில் ஒரு துகளை எடுத்து அமிலத்தில் கழுவினால் உள்ளே வெண்மையான படிகக்கல்தான் இருக்கும். மேலே போர்த்திய மெல்லிய இரும்புத் தோலே செந்நிறம் தருவது. இத்தகைய தோல் உலகெங்கும் மணல், களிமண் துகள்களின் மேல் உண்டு. இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வந்த வண்டலும் இவ்வாறு இரும்புத் தோல் போர்த்து வந்ததே. மலைப் பாறைகள் சிதையும்போது வெளிப்பட்ட சிறிதளவு ஆர்செனிக், வழியில் இத்தோலிலேயே ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

ஒட்டிக்கொண்டது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அதன் முறை சற்று நுட்பமானது. புதிதாகத் திரண்ட இளந்துருவின் துகள்கள் மிக மிகச் சிறியவை. ஒரு கிராம் இளந்துருவின் மேற்பரப்பு முழுவதையும் விரித்துப் பார்க்க முடியுமானால், சென்னையில் 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனைக்கு ஏறத்தாழ ஈடாகவும், சில வேளைகளில் அதனினும் பெரிதாகவும் இருக்கும். இப்பரப்பு முழுவதிலும் பிராணவாயு அணுவும் ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த சிறு கூறுகள் இரும்பணுக்களைப் பற்றி நிற்கின்றன. சாதாரண நீரில் துருவின் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெற்றிருக்கும். காற்றுப்பட்ட நீரிலுள்ள ஆர்செனிக்கோ ஆர்செனேட் என்னும் எதிர்மின்னேற்ற வடிவில் இருக்கும். ஆதலால் ஒன்றை ஒன்று இழுக்கும். அதனோடு நிற்பதில்லை. ஆர்செனேட் அங்கே நிற்கும் கூறுகளைத் தள்ளிவிட்டு அவற்றின் இடத்தில் அமர்ந்து, இரும்பணுவோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. சுவரில் தூசி ஒட்டுவதுபோன்றதன்று இது. சுவரில் கல் பதிப்பது போன்றது. வெறும் நீர் ஊற்றிக் கழுவினால் போகாது.

ஆனால் அவ்விடத்துக்குப் போட்டியாளர் உண்டு. பாஸ்பேட் என்பது வடிவிலும் குணத்திலும் ஆர்செனேட்டுக்கு இரட்டைப் பிள்ளை போன்றது. நீரில் அது மிகுந்திருந்தால் ஆர்செனிக்கைத் தள்ளித் தான் அமர்ந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிராணவாயு குறைந்த நீரில் ஆர்செனிக் தன் வடிவை மாற்றி, மின்னேற்றமற்ற ஆர்செனைட்டாகிறது. அதைப் பிடிப்பது துருவுக்குச் சற்றுக் கடினம். இவ்விரு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்க. வடிகட்டும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இவை வேண்டும்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் பனியூழியில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் வங்கத்தின் மேட்டு நிலம் காற்றும் மழையும் பட்டு நன்கு துருவேறிப் பழுப்பு நிறம் பெற்றது. ஆறுகளோ ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்தன. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயர்ந்தது. பள்ளத்தாக்குகள் புது வண்டலால் நிரம்பின. அவ்வண்டலோடு சதுப்பு நிலச் செடிகொடிகளும் புதைந்து மக்கின. மக்கும் பொருள் பிராணவாயுவை எல்லாம் உண்டு தீர்த்துவிடும். ஆகவே இன்று வங்கச் சமவெளியின் பல இடங்களில் மேல் அடுக்கில் சாம்பல் நிற மணலும், அதன் கீழோ பக்கத்திலோ பழைய பழுப்பு மணலும் காணப்படுகின்றன. சாம்பல் நிறம் என்பது துருத்தோல் கரைந்து போனதன் அடையாளம். தோல் போனபோது அதில் பதிந்திருந்த ஆர்செனிக்கும் நீரில் இறங்கியது. பாகீரதிக்குக் கிழக்கே மால்டா, முர்ஷிதாபாத், நதியா, இரு 24 பர்கனாக்கள் ஆகிய மாவட்டங்களில் இத்துன்பம் மிகுந்தும், மேற்கே சாந்திநிகேதனத்தைச் சூழ்ந்த பழைய செம்மண் நாட்டில் அரிதாயும் இருப்பது இதனாலேயே.

பல தலைமுறைகளாக வங்க மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகினர். அவற்றில் வாந்திபேதிக் கிருமிகள் இருந்தன. அதற்கு மாற்றாகக் குழாய்க் கிணறுகள் வந்தன. கிருமி குறைந்த நீர் கிடைத்ததும் உண்மை, பல குழந்தைகள் உயிர் தப்பியதும் உண்மை. அந்நாளில் அம்முடிவைச் செய்தவர்களை இன்று பழிப்பது நியாயமன்று என்றே நாம் கருதுகிறோம். நிலத்தடி நீரில் ஆர்செனிக்கைத் தேடிப் பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

1983-ஆம் ஆண்டில் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாஹாவிடம் 24 பர்கனாவின் கிராமத்தார் சிலர் வந்தனர். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கருமை வெண்மைப் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கெட்டிப்பட்ட முண்டுகள். அவை தொழுநோயல்ல, ஆர்செனிக் நஞ்சின் விளைவு என்றும், அது அவர்கள் அருந்திய குழாய்க் கிணற்று நீரிலிருந்து வந்தது என்றும் அவர் கண்டறிந்தார். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி, கிராமம் கிராமமாகச் சென்று குழாய்களின் நீரைச் சோதிக்கத் தொடங்கினார். 2018-இல் மறையும் வரை அவர் அப்பணியை விடவில்லை. எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தில் 1993-இல் இதே நஞ்சு தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எழுதிய அறிஞர்கள், வரலாற்றிலேயே மிகப் பெரும் மக்கள்தொகை நஞ்சூட்டம் என்று அதனைக் குறித்தனர். தோலில் காணும் அடையாளம் தொடக்கமே. பல்லாண்டு இந்நீரைக் குடித்தவர்க்குத் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வரக்கூடும். தொழுநோயென்று தவறாக எண்ணி, உற்றாரே ஒதுக்கிய குடும்பங்களும், பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மருமக்களும் உண்டு.

நஞ்சு எப்படி நீரில் இறங்கியது என்பதில் அறிஞர்களிடையே கடுமையான வாதம் நிகழ்ந்தது. கந்தகமும் இரும்பும் ஆர்செனிக்கும் கலந்த கனிமம் நிலத்தடியில் உள்ளது. பாசனத்துக்காக நீரை மிகுதியாக இறைத்ததால் நீர்மட்டம் தாழ்ந்து, காற்று உட்புகுந்து, அக்கனிமம் சிதைந்து நஞ்சு வெளிவந்தது என்பது முதற் கட்சி. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அப்படியாயின் நஞ்சு மிகுந்த நீரில் கந்தகத்தின் ஆக்ஸைடான சல்பேட்டும் மிகுந்திருக்க வேண்டுமே! அங்ஙனம் இல்லை, கரைந்த இரும்பே மிகுந்திருந்தது. 1998-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ராஸ் நிக்ஸன், ஜான் மக்கார்தர் முதலியோர் டாக்கா அறிஞர்களுடன் சேர்ந்து மறு கட்சியை முன்வைத்தனர். காற்று புகுந்ததால் அன்று, காற்று இல்லாமையால் துருத்தோல் கரைந்ததே காரணம் என்பது அவர்கள் துணிபு.

அத்துருவைக் கரைப்பது யார்? 2004-இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்து வண்டலை எடுத்துக் காற்றுப் புகாத குப்பிகளில் வைத்துச் சோதித்தனர். வண்டலில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்கள், உணவு கிடைத்ததும் பெருகின. நாம் பிராணவாயுவைச் சுவாசிப்பதுபோல் அவை ஃபெரிக் இரும்பைக் கொண்டு சுவாசித்து அதை ஃபெரஸ் ஆக்கின. இரும்பு மாறியதன் பின்னரே ஆர்செனிக் நீரில் வெளிப்பட்டது. இவ்வுயிர்களுக்கு உணவு, புதைந்த பழைய தாவரப் பொருளா, மேலிருந்து இறங்கும் குளத்து நீரா என்ற வாதம் பின்னும் தொடர்ந்தது. துருவின் பங்கைப் பற்றி இன்று பெரிய ஐயமில்லை.

குழாய் இறக்கும் தொழிலாளர் இதை வேறு வழியில் அறிந்திருந்தனர். வங்கத்தில் கிணறு தோண்டும் எளிய முறையில், ஒருவர் குழாயின் மேல் வாயைக் கையால் மூடித் திறக்க, மற்றவர் மூங்கில் நெம்புகோலால் குழாயை ஏற்றி இறக்க, சேறு கலந்த நீர் மேலே பொங்கிவரும். அதன் நிறம் அவர்கள் கண்முன் மாறும். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் இத்தொழிலாளர் பழுப்பு மணல் வரும்வரை இறக்குவதை அறிஞர்கள் கண்டு, அம்மணலின் நீரில் ஆர்செனிக் குறைவாயிருப்பதை உறுதி செய்தனர். பழுப்பு மணலில் துருத்தோல் இன்னும் கரையாமல் நஞ்சைப் பிடித்து நிற்பதே காரணம்.

சிமென்ட் மேடையின் கறைக்கு இப்போது பொருள் விளங்கும். செங்காவிக் கறை, நிலத்தடியில் துரு கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று. அங்கே ஆர்செனிக்கும் இருக்கக்கூடும். கறுத்த கறை மாங்கனீசினால் உண்டாவது. அத்தகைய குழாய்களில் பெரும்பாலும் ஆர்செனிக் குறைவு. நதியா மாவட்டத்துச் சாக்தகாவில் நூற்றுக்கணக்கான குழாய்களைச் சோதித்து இதனை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். எனினும் மாங்கனீசும் அளவு மிஞ்சினால் குழந்தைகளுக்கு ஆகாது. மேலும், கறை ஒரு குறிப்பே, முடிவன்று. அடுத்தடுத்த இரு வீட்டுக் குழாய்களில் ஒன்று நல்லதாகவும் மற்றொன்று நஞ்சாகவும் இருத்தல் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் கூடாது என்கிறது. அஃதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. இதைக் கண்ணோ நாவோ எப்படி அறியும்? சோதனைச்சாலையே கதி. பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் சோதனைச்சாலைகள் மாவட்டந்தோறும் உள்ளன. ஒரு புட்டி நீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரிய காரியமன்று.

நகருக்குள் வாழ்வோர் பலருக்கு இக்கவலை குறைவு. பல்தாவிலும் கார்டன் ரீச்சிலும் ஹூக்ளி ஆற்று நீரைச் சுத்திகரித்து நகராட்சி வழங்குகிறது. ஆறு காற்றோடு ஓயாது கலப்பதால் அதன் இரும்பு துருவாகவே இருந்து நஞ்சைச் சேற்றோடு பிடித்துக்கொள்ளும். சேற்றை வடித்தால் நஞ்சும் போம். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் சொந்த ஆழ்குழாய் நீரையும் தொட்டியில் ஏற்றுகின்றனர். நகராட்சி எல்லைக்குள்ளேயே, முக்கியமாகத் தென்பகுதியில், சில கிணறுகளில் வரம்பு மீறிய ஆர்செனிக் உண்டென்று ஜாதவ்பூர் ஆய்வாளர் 2017-இல் எழுதியுள்ளனர். தம் வீட்டுத் தொட்டிக்கு நீர் எங்கிருந்து ஏறுகிறது என்று கேட்டறிவது குடியிருப்போர் கடமை.

காய்ச்சிக் குடித்தால் போதாதா என்று கேட்பர். போதாது. கிருமி சாகும், ஆர்செனிக் சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய நஞ்சின் செறிவு கூடவே செய்யும். இரவெல்லாம் குடத்தில் வைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுப்பது ஓரளவு பயன் தரும். படியும் துரு சிறிது நஞ்சையும் உடன்கொண்டு போகும். ஆயினும் இரும்பு போதாமலோ, பாஸ்பேட் மிகுந்தோ இருந்தால் எஞ்சும் நீர் வரம்புக்கு மேலேயே நிற்கும். இதை நம்பியிருத்தல் தகாது.

இயற்கையில் நஞ்சைப் பிடிக்கும் இரும்பைக் கொண்டே நஞ்சை நீக்கலாம் என்ற எண்ணத்தில் பல கருவிகள் பிறந்தன. வங்கதேசத்தில் மூன்று குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்குடத்தில் இரும்புச் சீவலும் மணலும், நடுக்குடத்தில் கரியும் மணலும் இட்டு வடிகட்டினர். அவ்வழியில் அபுல் ஹுசாம் என்னும் இரசாயன அறிஞர் திருத்தியமைத்த சோனோ வடிகட்டி 2007-இல் அமெரிக்காவில் கிரெய்ஞ்சர் பரிசு பெற்றது. தெற்கு 24 பர்கனாவின் தப்தபி உயர்நிலைப் பள்ளியில், பெர்க்லியின் அசோக் காட்கில் குழுவினர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இரும்புத் தகடுகளினூடே சிறிதளவு மின்சாரம் செலுத்தி நீருக்குள்ளேயே துருவை விளைவிக்கும் நிலையத்தை 2016-இல் இயக்கத் தொடங்கினர். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் அதன் திறன்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பிரதீப் செய்த முயற்சியை நம்மவர் தனியே அறிதல் நலம். இளந்துருவுக்கு ஒரு குறை உண்டு. நாளடைவில் அது முதிர்ந்து, துகள்கள் பெருத்துப் பரப்பு சுருங்கிவிடும். பிறகு பிடிக்கும் ஆற்றல் குன்றும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்னும் பொருளின் வலைக்குள் துருவை அடைத்து, அது முதிராமல் இளமையிலேயே நிற்கச் செய்தனர் பிரதீப் குழுவினர். 'அம்ரித்' என்று பெயர் பெற்ற அம்முறை மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களில் பயனுக்கு வந்தது.

கருவிகள் இருந்தும் குறை தீர்ந்தபாடில்லை. பாருய்ப்பூர்ப் பகுதியில் நிறுவிய நிலையங்களை ஜாதவ்பூர் ஆய்வாளர் இரண்டாண்டு கவனித்து 2005-இல் வெளியிட்ட முடிவு மனத்தைச் சோர்வுறச் செய்வது. அவற்றுள் பல, நீரைப் பாதுகாப்பான அளவுக்குத் தொடர்ந்து கொண்டுவரவில்லை. துருவின் மேற்பரப்பில் இடம் நிரம்பிவிட்டால் பிறகு வருவதை அது பிடிக்காது; கழுவுவதும் மாற்றுவதும் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஊரார் பொறுப்பேற்ற இடங்களில் கருவி உழைத்தது; திறப்பு விழாவோடு விட்ட இடங்களில் அது வெறும் தொட்டியாயிற்று.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் ஆழமில்லாக் குழாய்க் கிணற்று நீரால் விளையும் போரோ நெல்லில் ஆர்செனிக் ஏறுகிறது. நெல்வேர் தாளின் வழியே காற்றைக் கீழே கொண்டுசென்று சேற்றில் கசியவிடும்; அதனால் வேரைச் சுற்றித் துரு படிந்து நஞ்சில் ஒரு பகுதியைத் தடுக்கும். தப்பியது மணிக்குள் செல்லும். அரிசியைத் தெளியக் களைந்து, ஆறு பங்கு நல்ல நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால், அரிசியிலுள்ள ஆர்செனிக்கில் பாதிக்கு மேலும் நீங்கக்கூடும் என்று கொல்கத்தாவில் நடந்த ஆய்வொன்று 2006-இல் தெரிவித்தது. நம் பாட்டிமார் வடித்த சோறு, குக்கர்ச் சோற்றைவிட இவ்வகையில் மேம்பட்டது. ஆனால் வடிக்கும் நீர் நல்லதாயிருக்க வேண்டும். நஞ்சு நீரில் வடித்தால் பயன் இல்லை.

எஞ்சியது ஒரு கேள்வி. வடிகட்டிகளில் நஞ்சைப் பிடித்துக்கொண்ட துருவை எங்கே போடுவது? குளத்தின் அடிச்சேற்றிலோ, குப்பை மேட்டின் ஆழத்திலோ எறிந்தால் அங்கே பிராணவாயு இல்லை, நுண்ணுயிர்கள் உண்டு, அவற்றுக்கு உணவும் உண்டு. பல்லாயிரம் ஆண்டு முன் வண்டலில் நடந்தது அங்கே மறுபடியும் நடக்கும். ஆதலின் அச்சேற்றைக் கான்கிரீட்டில் கலந்து இறுக்கும் முறைகளை ஆராய்ந்து வருகின்றனர். காற்றுப்படும் மேடான இடத்தில், சிமென்ட் பூசிய தொட்டியில், கூரையிட்டு மழைநீர் புகாது வைத்திருப்பது கிராமங்களில் கைக்கொள்ளத்தக்க எளிய வழி.